ஓர்ப்படி மாற்றிய வட்டம்

என் ஓர்ப்படி திருடியது நகையை அல்ல, ஒரு படத்தை. நகையென்றால் தொலைகிறது என்று விட்டிருப்பேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே மென்பொருள் அலுவலகத்தில் வேலையும் பார்க்கிறோம். ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தரவுத்தளம் அமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதற்கு முதலில் படம் வரைய வேண்டும். யார் யார் இருக்கிறார்கள், எது எதோடு சேர்கிறது, எது இல்லாவிட்டால் எது இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். வார்டு, கட்டில், மருந்து, அறுவை அரங்கு என்று ஒவ்வொரு கட்டமாக, சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு நான் வரைந்த படம் அது.

முடிகிற நேரத்தில் என் மகளுக்குக் காய்ச்சல். "நீங்க பிள்ளையப் பாருங்கக்கா, படத்த நான் கொண்டுபோய்க் காட்டிடறேன்" என்றாள் ஓர்ப்படி. என்ன நல்ல மனசு என்று உருகிப்போனேன். நான் திரும்ப வேலைக்குப் போனபோது அவள் தலைமை வடிவமைப்பாளர். படத்தின் மூலையில் அவள் பெயர். மருத்துவமனை ஆட்களிடம் என்னைக் காட்டி, "இவங்க என் உதவிக்கு" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வீட்டில் சொன்னால், "ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே, விடு" என்றார் என் கணவர். குடும்பமாம்! இவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வாய்ப்பை அவளே தந்தாள். படத்தில் 'நபர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதிலிருந்து மருத்துவர், ஊழியர், நோயாளி என்று கிளைகள் பிரியும். பிரியும் இடத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் நான் இட்டிருந்த குறிக்கு, ஒருவரே இரண்டு கிளையிலும் இருக்கலாம் என்று பொருள். மருத்துவருக்கும் வயிறு வலிக்குமே! அவளுக்கு அது குழப்பமாகப் பட்டது போலிருக்கிறது, குறியை மாற்றிவிட்டாள். இனி ஒருவர் ஒரு கிளையில்தான் இருக்க முடியும். ஒன்றில் ஏறினால் மற்றதிலிருந்து இறங்கியாக வேண்டும்.

பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. வெள்ளோட்டம் நகல் தரவில்தான் நடக்கும், நிஜ நோயாளி யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதை மட்டும் உறுதி செய்துகொண்டு காத்திருந்தேன்.

வெள்ளோட்ட நாளில் எங்கள் முதலாளியும் மருத்துவமனை ஆட்களும் வரவேற்பு மேசையைச் சுற்றி நின்றார்கள். தலைமை அறுவை மருத்துவர், பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற அம்மாள், "முதல் நோயாளியா என்னையே சேருங்க" என்றார்.

மேசைப் பெண் தட்டினாள். 'இவர் மருத்துவர். நோயாளியாகச் சேர்க்க முடியாது' என்றது திரை.

"வகையை நோயாளின்னு மாத்துங்க, போதும்" என்றாள் என் ஓர்ப்படி. மாற்றியதும் சேர்ந்துவிட்டது. இவள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

சிரி, சிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அந்த அம்மாள் தன் அறுவைப் பட்டியலைத் திறந்தார். 'அனுமதி இல்லை.' அவர் மருத்துவர் என்ற பதிவே போயிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கிய பணி நேரங்களும் அறுவை நாட்களும் கூடவே போயிருந்தன. அவற்றை நான் இரட்டைக் கோட்டுக் கட்டங்களாக வரைந்திருந்தேன். சொந்த அடையாளம் இல்லாதவை அவை, சார்ந்திருப்பது போனால் தாமும் போய்விடும்.

"இத்தனை வருஷமா கத்தி புடிக்கிறேன், நான் டாக்டரே இல்லையாமே! யாரு போட்ட படம் இது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் ஓர்ப்படியின் முகத்தில் ஈயாடவில்லை. விரல் மட்டும் என் பக்கம் நீண்டது.

"அக்கா போட்டது மேடம். முழுக்க முழுக்க அவங்கதான்."

இத்தனை நாள் இந்த வார்த்தைக்காகத்தானே ஏங்கினேன்!

"சார், கேட்டீங்களா? முழுக்க நான்தானாம்" என்றேன் முதலாளியிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "அப்போ மூலையில உன் பேரு எப்படி வந்துச்சு? நான் வட்டத்துக்குள்ள போட்ட குறிய ஏன் மாத்தினே?"

"ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சேங்க்கா" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து நான் திருத்தினேன். மாலைக்குள் அம்மாள் மருத்துவராகவும் இருந்தார், நோயாளியாகவும் இருந்தார். முதலாளி என்னை ஓரமாக அழைத்து, "இவங்கள வேலையிலேருந்து அனுப்பிடலாமா?" என்றார். அது அவள் காதிலும் விழுந்தது. கண் கலங்கி என்னையே பார்த்தாள்.

அனுப்பினால் நாலு நாள் அழுவாள், பிறகு வேறு இடத்தில் சேர்ந்துவிடுவாள். எனக்கு அது போதாது.

"வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றேன்.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே அவளைத் தலைமை அறுவை மருத்துவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"மேடம், இவங்க என் உதவிக்கு."