படத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு

"அம்மா, கலெக்டர் வராரும்மா" என்று சினேகா காதோரம் கிசுகிசுத்ததும் காந்திமதி நாற்காலியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு எழுந்தாள். கடித்துக்கொண்டிருந்த முறுக்கைப் பைக்குள் திணித்தாள், முந்தானையை இழுத்துவிட்டாள், வந்தவருக்குப் பெரிய கும்பிடாக ஒன்றும் போட்டாள். வந்தவர் லினன் சட்டையும் ரப்பர் செருப்புமாக இருந்தார். முன்னால் டவாலி இல்லை, பின்னால் போலீஸ் இல்லை. இவள் கும்பிட்டதைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டு, தானும் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்.

"எந்த ஊரு கலெக்டர்டி? செங்கல்பட்டா?"

"ஐயோ அம்மா! பட்டாபிராமன்னு பேரு. மேடவாக்கத்துல ஃப்ளாட் கட்டி விக்கிறவரு. படம் வாங்கிச் சேக்கிறாரு இல்ல, அதான் கலெக்டர். பிரைவேட் கலெக்டர்."

"கலெக்டர்லயும் பிரைவேட் வந்தாச்சா? வெளங்கிடும்."

பின்னே என்ன, காந்திமதிக்கு அந்த இடமே வெளங்கவில்லை. பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய கல்யாண மண்டபம் அது. ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடப்பானேன் என்று ஓவியச் சந்தைக்கு விட்டிருந்தார்கள். பந்தி போடுகிற ஹாலில் பலகை வைத்துத் தடுத்து, கேலரிக்காரர்கள் கடை கடையாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கடையில் உடைந்த ஹெல்மெட்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொரு கடையில் வெறும் வெள்ளைத் துணி, நடுவில் ஒரு கோடு. அதன் முன்னால் நின்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காந்திமதி அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

சினேகாவின் படம் குல்ஷன் மேடத்தின் கடையில் தொங்கியது. குல்ஷனும் அவள் தம்பி அய்மானும் குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு கேலரி நடத்துகிறார்கள். புது ஆட்களைத் தேடிப் பிடித்துப் படம் மாட்டுவதுதான் அவர்கள் வழக்கம். சினேகாவின் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் கொடுத்திருந்தார்கள், ஆனால் நல்ல பெரிய படம். கம்பெனி பஸ் ஒன்று, அதற்குள் வரிசை வரிசையாகத் தூங்குகிற தலைகள். கண்ணாடியில் சாய்ந்த தலை, பக்கத்துத் தோளில் சரிந்த தலை, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்த தலை. வெளியே இன்னும் விடிந்திருக்காது.

சினேகா தினமும் போகிற பஸ்தான் அது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற வேலை அவளுக்கு. சேலையூர் முனையில் இருட்டோடு ஏறினால், இருட்டியபின்தான் இறக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொட்டைமாடி ரூமில் உட்கார்ந்து வரைவாள். "தெரியாத ஆளு ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் படத்த வாங்கட்டும். அன்னிக்கே வேலைக்கு ஒரு கும்பிடு" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அவள் அப்பா தட்சிணாமூர்த்தியும் "நடக்கும்போது பாத்துக்கலாம்" என்று பேப்பரைப் புரட்டுவார்.

தெரியாத ஆள் என்று அவள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு கண்காட்சியில் அவள் படம் விற்றது. வாங்கியவர் குன்றத்தூர்க்காரர் என்றார்கள். பெண் துள்ளிக் குதித்தாள். அடுத்த மாதம் ஒரு விசேஷத்துக்குப் போனால், காந்திமதியின் தம்பி வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அதே படம் நிற்கிறது! தம்பியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்க வைத்தது அம்மாதான் என்று தெரிந்ததும் சினேகா கத்தவில்லை, அழவில்லை. "இன்னொரு தடவ இந்த மாதிரி பண்ணினன்னா, பிரஷ்ஷக் கையால தொட மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்றைக்கு மத்தியானம் மண்டபத்தில் ஏ.சி. படுத்துவிட்டது. ஆடிக் காற்று ரோட்டில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்ததே தவிர, உள்ளே ஒரு துளி வரவில்லை. குல்ஷன் சாப்பிடப் போயிருந்தாள். அய்மான் மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சினேகா காலேஜ் சிநேகிதி ஒருத்தியின் கடையைப் பார்க்கப் போனாள். காந்திமதி தனியாக உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினாள். நெற்றியில் பொட்டு வழுக்கிக்கொண்டு புருவத்துக்கு வந்தது.

முகம் கழுவுமுன் பொட்டைப் பிய்த்துப் பக்கத்தில் எதன்மேலாவது ஒட்டிவிட்டுப் போவது அவளுடைய பழக்கம். சேலையூர் வீட்டில் பாத்ரூம் கண்ணாடி, பீரோ கதவு, ஃபிரிட்ஜ், மிக்ஸி, ஒரு இடம் பாக்கி கிடையாது. "வீடு பூரா உன் நெத்திதான்டி" என்று தட்சிணாமூர்த்தி தலையில் அடித்துக்கொள்வார். இங்கேயும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பொட்டைப் பிய்த்து, படத்துக்குப் பக்கத்தில் சினேகாவின் பெயர் அச்சடித்த வெள்ளை அட்டையில் ஒட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாத்ரூமில் கூட்டம். முகம் கழுவி, தலையை ஒதுக்கி, யாரோ ஒரு பல்லாவரத்து அம்மாளிடம் மண்டபத்து வாடகை எவ்வளவு இருக்கும் என்றெல்லாம் பேசி முடித்துத் திரும்பிவர நேரமாகிவிட்டது.

வந்தால் சினேகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா! வித்துடுச்சும்மா! என் படம் வித்துடுச்சு!"

"நெசமாவா? யாருடி? யாரு வாங்கினது?"

"தெரியாதும்மா! யாரோ! நமக்குத் தெரியாத யாரோ!"

காந்திமதிக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினாள். சினேகா அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள், நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அம்மாவின் தோளில் கை போட்டு, படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தாள். எடுத்த போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு நிமிஷம்மா, இதோ வரேன்" என்று போனும் கையுமாகப் பின்பக்கம் போய்விட்டாள். சந்தோஷத்தில் அழப் போகிறாள் போலிருக்கிறது என்று காந்திமதி விட்டுவிட்டாள்.

"கங்கிராட்ஸ் ஆன்ட்டி" என்றாள் குல்ஷன். சிரிப்பு முகம் கொள்ளவில்லை. "நான் சாப்ட்டு வரதுக்குள்ள அய்மான் முடிச்சிட்டான் பாருங்க. வாங்கினது யாருன்னு கேக்கலாம்னா போன எடுக்கவே மாட்டேங்கறான்."

"அவரு போன எடுக்கலைன்னா, வித்துடுச்சுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அதோ, ரெட் டாட் வச்சிருக்கே! வித்த படத்துக்குப் பக்கத்துல செவப்பா ஒரு வட்டம் ஒட்டிடுவோம். உலகம் பூரா அதான் வழக்கம்."

காந்திமதி திரும்பிப் பார்த்தாள். வெள்ளை அட்டையில் சிவப்பாக ஒரு வட்டம். ஓரத்தில் லேசாகப் பவுடர். கை தானாக நெற்றிக்குப் போனது. நெற்றி வழவழவென்று காலியாக இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, ஐயோ, குடி கெட்டதே! குழந்தை அப்பாவுக்கு வேறு போன் பண்ணிவிட்டாளே! இதை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன் என்று நினைப்பாளே! போன வருஷம் தம்பி, இந்த வருஷம் பொட்டா என்று கேட்பாளே! பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பையில் போடுவாளே பாவி மகள்! தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டாபிராமன் திரும்பி வந்தார். அட்டையைப் பார்த்தார், நின்றார்.

"என்ன மேடம், போயிடுச்சா? காலைல இருந்துச்சே!"

"சாரி சார், இப்பதான்" என்றாள் குல்ஷன்.

"சே! கை நழுவிப் போச்சே. யார் வாங்கினாங்க? கேட்டுப் பாருங்களேன், நான் மேல போட்டுக் குடுக்கறேன். எனக்கு இது வேணும்."

காந்திமதிக்கு உயிர் திரும்பி வந்தது. தெரியாத ஆள்! தானாக வந்து வேண்டும் என்று கேட்கிறார்! முருகா, குன்றத்தூர் மலையிலிருந்து நேரே இறங்கி வந்தாயா அப்பா! அய்மான் வந்து கெடுப்பதற்குள் விஷயத்தை முடித்துவிட வேண்டும், சினேகாவுக்குத் தெரியவே வேண்டாம். ஒரே எட்டில் போய் அட்டையிலிருந்து பொட்டைப் பிய்த்தாள்.

"சார், சார், விக்கல சார்! இது என் பொட்டு. மூஞ்சி கழுவப் போறப்ப தெரியாத்தனமா ஒட்டிட்டேன். நான் பொண்ணோட அம்மா. படம் அப்படியே இருக்கு சார், நீங்களே எடுத்துக்கங்க."

குல்ஷன் முகத்தில் ஈயாடவில்லை. பட்டாபிராமன் காந்திமதியின் விரல் நுனியில் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"அப்ப யாரும் வாங்கலையா?"

"இல்ல சார். அதான் நீங்க..."

"ஓஹோ." படத்தை இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறவர்போல ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "நல்லாதான் இருக்கு. எல்லாரும் தூங்கறாங்க இல்ல?" கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்குப் படத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க யாராவது கை வச்சா, நானும் வைப்பேன். ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்."

போய்விட்டார். திரும்பி வரமாட்டார் என்று காந்திமதிக்குத் தெரிந்தது. ஜவுளிக் கடையில் அவளும் எத்தனையோ முறை அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏன் ஆன்ட்டி?" என்றாள் குல்ஷன் மெதுவாக. அழுதுவிடுவாள்போல இருந்தது. "ஒரு பத்து நிமிஷம் வாய மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா?"

அதைக் காதில் வாங்காமல் காந்திமதி பின்பக்கம் நடந்தாள். நடந்தாள் என்பது சும்மா சொல்வது, கால் எங்கே பட்டது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சமையல்கட்டுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட அண்டா ஒன்றின்மேல் சினேகா உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது.

"சினேகா, படம் விக்கலடி. அது என் பொட்டு. சத்தியமா நான் வேணும்னு வைக்கலடி, உங்கப்பா மேல சத்தியமா..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"போட்டோல பாத்தேன். உன் நெத்தி காலியா இருந்துச்சு. வேணும்னே வச்சிருந்தா அவ்ளோ கோணலா வச்சிருக்க மாட்ட, அதுவும் தெரியும்."

காந்திமதிக்கு மூச்சு வந்தது. கோபமில்லை! பிள்ளைக்குக் கோபமில்லை! பக்கத்தில் உட்காரப் போனாள்.

"வேலைய விட்டுட்டேன்மா" என்றாள் சினேகா. "மெயில் போட்டுட்டேன். சரின்னு மேனேஜர் பதிலும் போட்டுட்டாரு."

உட்காரப் போனவள் அப்படியே பாதியில் நின்றாள்.

"வித்துடுச்சுன்னு நெனச்சுப் போட்டியா? ஐயையோ, உடனே போன் பண்ணி..."

"இல்லம்மா. விக்கலன்னு தெரிஞ்சப்புறந்தான் போட்டேன்."

"இன்னாடி சொல்ற? பைத்தியமா உனக்கு?"

"வித்துடுச்சுன்னு மேடம் சொன்னப்ப, எனக்கு மொதல்ல படம் ஞாபகமே வரலம்மா. இனிமே ஆயுசுக்கும் அந்த பஸ்ல போக வேணாம், அதான் வந்துச்சு. அஞ்சு நிமிஷம் அப்படி இருந்தேன், எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்புறம் உன் நெத்தியப் பாத்தேன். திரும்பிப் போக முடியலம்மா. யாரோ ஒருத்தர் வந்து வாங்கினாத்தான் எறங்கணும்னு உக்காந்திருந்தா, அதுக்குள்ள நானும் அந்தப் படத்துல ஒரு தலையாயிடுவேன்."

அடிப்பாவி, அடிப்பாவி என்று காந்திமதியின் உதடு அசைந்தது. வீட்டு லோன், இவள் கல்யாணம், இவள் அப்பாவின் பிளட் பிரஷர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெஞ்சை அடைத்தன. ஓங்கி ஓர் அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பயமா இல்லியாடி உனக்கு?"

சினேகா கையை நீட்டினாள். காந்திமதி பிடித்துப் பார்த்தாள். அந்தப் புழுக்கத்தில் அது ஜில்லென்று இருந்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. அப்பா என்று வந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை. காந்திமதி அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தாள். சூடே ஏறவில்லை, அவளும் தேய்ப்பதை விடவில்லை.