பதினெட்டு முட்டை

தூண் என்றால் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. ஆறு வருஷமாகத் தினக்கூலிக்கு மூட்டை சுமக்கிறவன். குத்துச்சண்டை மேடையில் லேசில் விழமாட்டான் என்பதால் அந்தப் பட்டப்பெயர். துறைமுக அணியில் ஒரே ஓர் இடம் காலி. அதைப் பிடிக்கிறவனுக்கு நிரந்தர வேலை. இவனுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இன்று சாயங்காலம் நாலு மணிச் சண்டையில் கோட்டைவிட்டால் சாகும்வரை மூட்டைதான்.

எடை கூடிவிடக் கூடாதென்று அவனை மூன்று நாள் பட்டினி போட்டவர் அக்கா புருஷன். அவர்தான் பயிற்சியாளர். காலையில் எடை பார்த்து முடிந்தது. மதியம் இரண்டு மணிக்கு அவித்த முட்டை பதினெட்டையும் ஒரு முழுக் கோழியின் நெஞ்சுக்கறியையும் அவன்முன் கொண்டுவந்து வைத்தார்.

"அத்தான், இவ்வளவும் ஒரே நேரத்துலயா?"

"தின்னுடா. ஒரு வேளைக்கு இத்தனை புரோட்டீன்தான் ஒட்டும், மிச்சமெல்லாம் வீண்ங்கிறது சுத்தப் புளுகு. எவ்வளவு போட்டாலும் உடம்பு எடுத்துக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

காலையில் எடை பார்த்த டாக்டர் அப்படிச் சொன்னது நிஜம்தான். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. நிறையப் போட்டால் உடம்பு அதை மெதுவாகத்தான் எடுக்கும், அரை நாளுக்கு மேலேகூட ஆகும், அவசரத்துக்கு ஆகாது என்றும் சொன்னார். அதைக் கேட்க அத்தான் அங்கே இருந்தால்தானே! மனுஷன் பாதியிலேயே எழுந்து முட்டை வாங்க ஓடிவிட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அது வயிறா, கோணிப்பையா? இப்படித் திணிக்கிறீங்களே!"

"உனக்கென்ன தெரியும், சும்மா கெட" என்றார் அத்தான். தூண் தின்றான். மூன்று நாள் பசி, வேறென்ன செய்வான்?

நாலு மணிக்கு மேடையில் எதிரே நின்றவன் வெல்டர். அதே துறைமுகத்தில் தினக்கூலி, இரண்டு பிள்ளைக்காரன், அவனுக்கும் அதே வேலைதான் வேண்டும். மணி அடித்ததும் பாய்ந்தான். தூணுக்குக் கால் நகரவில்லை. முதல் குத்தில் புருவம் கிழிந்தது. அடுத்ததில் உதடு பல்லோடு நசுங்கியது. கண்ணில் ரத்தம் இறங்க, இவன் குத்தியதெல்லாம் காற்றில் போனது. "கைய தூக்குடா எருமை!" என்று கீழேயிருந்து அத்தான் கத்தினார். பட்டினி போட்டவரும் அவரே, திணித்தவரும் அவரே, வாயை மட்டும் பாருங்கள்!

இரண்டாம் சுற்றில் வெல்டர் குனிந்து வயிற்றிலேயே ஒன்று வைத்தான். அவ்வளவுதான். தின்றதெல்லாம் ரத்தத்தோடு கலந்து பொளக்கென்று மேடையில் கொட்டியது. முடித்துவிடலாம் என்று வெல்டர் வேகமாகக் காலை எடுத்து வைத்தான்; அதிலேயே வழுக்கினான். கணுக்கால் மடங்கி முறிந்த சத்தம் முதல் வரிசைவரை கேட்டது.

நடுவர் துண்டு போட்டுத் துடைக்கச் சொன்னார். வெல்டரைப் பார்த்து, "முடியுமா?" என்றார்.

"முடியும் சார்" என்றான் அவன். வேறெதைச் சொல்வான் பாவம், வேலையாச்சே.

வயிறு காலியான தூணுக்கு இப்போது உடம்பு லேசாகிவிட்டது. வெல்டர் ஒற்றைக்காலில் கயிற்றில் சாய்ந்து நின்றான். தூண் விலாவில் குத்தினான். இன்னொன்று. அடுத்தது முகத்தில்; வெல்டரின் மூக்குத் தண்டு உடைந்த அதிர்வு தூணின் கையுறைக்குள்ளே வரை வந்தது. வெல்டர் அவன் தோளைக் கட்டிக்கொண்டு காதோரம் முனகினான்.

"போதும்டா தூண். கால் போயிருச்சு."

நன்றாகக் கேட்டது. நடுவருக்குத்தான் கேட்கவில்லை. தூண் அவனை உதறித் தள்ளினான். தாடையில் ஒன்று விட்டான். சரிகிறவனை விழவிடாமல் இன்னொன்று, இன்னொன்று என்று விட்டான். நடுவர் வந்து பிடித்து இழுக்கும்போதும் கை நிற்கவில்லை. அடுத்த வருஷமும் மூட்டை தூக்கத் தன்னால் முடியாது, அவ்வளவுதான் அவன் நினைப்பு.

அவன் கையை உயர்த்தினார்கள். வெல்டரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். அத்தான் வீடுவரைக்கும் ஆடிக்கொண்டே வந்தார். "பாத்தியா, பதினெட்டு முட்டை பண்ணின வேலை!"

அக்கா அவனை உட்காரவைத்துப் புருவத்தில் பனிக்கட்டியை அழுத்தினாள்.

"ஜெயிச்சியாடா?"

"வேலை கிடைச்சிருச்சுக்கா."

கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அதைக் கேக்கலையே."