ஜீப்பில் இல்லாத கீறல்

விஜயதாஸ் பொம்மை ஜீப்பில் ஒரு கீறல் வரைந்தால், முற்றத்தில் நிற்கும் அசல் ஜீப்பில் அந்தக் கீறல் மறுநாள் இருக்காது. 1996 கடைசியில் கொல்லயில் ஊரில் தேங்காய் விலையைப் போல இதுவும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜீப் அவருடைய ஒரே மகன் ஜித்தினுடையது. பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையே காலேஜ் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஓட்டியவன், அந்த மழைக்காலத்து மஞ்சள்காமாலையில் போய்விட்டான். வண்டியை விலைபேசிய காட்டாக்கடை ஊர்க்காரர், சுரண்டி வேறு நிறம் அடிக்கப்போவதாகச் சொன்னார். மகன் உண்டாக்கிய கீறல்கள் அதோடு போய்விடுமே என்று விஜயதாசுக்குப் பட்டது. ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் அடுத்தவன் வண்டிக் கீறல்களை மறைத்துப் பிழைத்த பெயிண்டர் அவர். இப்போது முருக்கு மரத்தில் உள்ளங்கை அளவு ஜீப் செய்து, கீறல்களைப் பார்த்துப் பார்த்து வரைய உட்கார்ந்தார். முதலில் வெள்ளி, நடுவில் துருவின் பழுப்பு, வெயில் படும் ஓரத்தில் ஒரு வெளிர் கோடு. பெயிண்ட் உதிர்ந்த இடங்களுக்குப் பிய்த்த ஸ்பாஞ்சால் ஒற்றினார். அசல் ஜீப் நாளுக்கு நாள் புதிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு ராஜையா தன் ஸ்கூட்டரையும் இதேபோல வரைந்து தரக் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

எல்லாக் கீறலும் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து பொம்மையைத் திருப்பிப் பார்த்தார். இடது கதவு வெறிச்சென்று இருந்தது. பெயிண்டர் கை சும்மா இருக்குமா? பார்வைக்கு இருக்கட்டும் என்று மேலிருந்து கீழாக மெலிசாக ஒன்று இழுத்துவிட்டார். ஜீப்பில் இல்லாத கீறல் வேறெங்கிருந்தாவதுதானே வர வேண்டும். மறுநாள் குளித்துவிட்டு வந்த அவர் மனைவி புஷ்பபாய்க்கு, ஜித்தினை அறுத்தெடுத்த தழும்பு அடிவயிற்றில் இல்லை. தோல் கல்யாணத்துக்கு முன்பு இருந்ததுபோல வழவழவென்று இருந்தது.

"அவன் எனக்க வயித்துல கெடந்ததுக்கு இனி என்ன அடையாளம் உண்டு?" என்று கேட்டாள். விஜயதாஸ் டர்பன்டைன் தொட்டு அந்தக் கோட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. பிள்ளை செத்த அன்று அழாத மனிதர் அன்று வாய்விட்டு அழுதார்.

காட்டாக்கடைக்காரர் புதுவண்டி கிடைத்த சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டு போனார். அதன்பின் புஷ்பபாய் எங்கே போனாலும், கோயிலுக்கானாலும் சந்தைக்கானாலும், பொம்மையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கணவரோடு மறுபடி பேச ஆரம்பிக்க அடுத்த கிறிஸ்துமஸ் ஆயிற்று.

தொண்ணூற்றொன்பதில் அவளுக்கு வயிற்றுவலி என்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரசவம் எத்தனை என்று டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டாள். ஒன்று, ஆபரேஷன் என்றாள் புஷ்பபாய். வயிற்றைப் பார்த்த டாக்டரம்மா தழும்பு எங்கே என்று கேட்டாள். புஷ்பபாய் பையிலிருந்து ஜீப்பை எடுத்து இடது கதவைக் காட்டினாள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையல் நன்றாக ஆறியிருப்பதாகச் சொன்னாள். பிறகு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தி, இங்கே வலி உண்டா என்று கேட்டாள்.

"உண்டு," என்றாள் புஷ்பபாய்.