தரைத்தளத்துப் பொத்தான்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை லிஃப்டில் ஏறினால் போதும். அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவனுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பது வரை லிஃப்டே தன்னிடம் சொல்லிவிடும் என்பார் அப்பா. நாற்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அறுந்து விழவிருந்த லிஃப்ட் ஒன்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எச்சரித்ததாம். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மகள் சிரிக்கக்கூட இல்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தன் பிறந்த தேதியையே இரண்டு தடவை சரிபார்க்கிற ரகம்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்த அப்பா, அவள் வேலை முடிந்து வரும்வரை ஆறு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் முதியோர் இல்லம் தேட ஆரம்பித்தார்கள். முதலில் பார்த்தது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கானது. விழுந்தால் தூக்க ஆளில்லை. அடுத்தது படுத்த படுக்கையானவர்களுக்கு. "நான் இன்னும் சாகலையேம்மா" என்று அப்பா வாசலோடு திரும்பிவிட்டார். மூன்றாவதில் எல்லா வகையும் ஒரே கூரைக்குக் கீழே. நடமாடுகிறவர்கள் முதல் மாடி, துணை வேண்டியவர்கள் இரண்டாவது, படுக்கையில் இருப்பவர்கள் மூன்றாவது. மகளுக்கு அப்பாடா என்றிருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

மேலாளருக்கு வெண்ணெய் தடவிய குரல். லிஃப்ட் இங்கே தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான், பார்க்க வருகிறவர்களுக்கும் ஊழியர்களுக்கும் படிக்கட்டு. அப்பாவின் முழங்காலுக்காக இன்று மட்டும் விதிவிலக்கு என்று சொல்லி, ஏற்றிக்கொண்டு போனார். அப்பா உடனே கண்ணை மூடி உள்ளங்கையை லிஃப்டின் சுவரில் வைத்தார்.

"ஏறும்போது ஆளோட ஏறுது, இறங்கும்போது காலியா இறங்குது. யாரையும் கீழ கூட்டிட்டுப் போற பழக்கமே இதுக்கு இல்லம்மா."

மேலாளர் சிரித்தபடி கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். இப்படிப் பேசுவது எத்தனை நாளாக என்று மகளிடம் மெல்லக் கேட்டார். பிறந்ததிலிருந்தே என்றாள் அவள், வேடிக்கையாக. அதையும் எழுதிக்கொண்டார்.

அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. அவர் நீட்டிய படிவத்தில், எந்த மாடி என்ற இடத்தில் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதியிருந்தது. லிஃப்டோடு பேசுகிறாரே, பாதுகாப்புக்குத்தான் என்றார் மேலாளர்.

"பாத்தியா, உக்காந்த இடத்துலயே ஒரு மாடி ஏறிட்டேன்," என்று அப்பா கண்ணடித்தார்.

மேலாளரின் பேனா மறுபடி இரண்டின் மேல் போய் நின்றது. மகள் அவசரமாகக் குறுக்கிட்டாள். உடம்பு தேறினால் கீழ்மாடிக்கு மாற்றுவீர்களா என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க."

"அப்போ, இங்கேர்ந்து வெளிய போறவங்க?"

"மூணாவது மாடியில பின்பக்கமா தனி வழி இருக்கு," என்றார், குரலில் வெண்ணெய் குறையாமல். "எதுக்கு அலையணும்? அப்பா இன்னிக்கே தங்கிடட்டுமே."

தலைக்கு மேல், இரண்டாவது மாடியில், ஒரு சக்கர நாற்காலி மெதுவாக உருண்டு வரும் சத்தம் கேட்டது; சரியாக அவர்களுக்கு நேர் மேலே வந்து நின்றது.

மகள் பேனாவை மூடினாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தாள். மேலாளர் தடுக்கவில்லை; வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நான்கு பொத்தான்கள். மூன்று என்ற எண் விரல் பட்டுப் பட்டு அழிந்தே போயிருந்தது. இரண்டு பாதி தேய்ந்திருந்தது, ஒன்று மங்கியிருந்தது. தரைத்தளத்துப் பொத்தானின் மேல் மட்டும், தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சுரண்டிப் பார்த்தாள். பிறகு தாளை உரித்துவிட்டு அழுத்தினாள். லிஃப்ட் வெகுநேரம் யோசித்தது. அப்புறம் முனகிக்கொண்டே இறங்கியது.

இப்போது அப்பா இருப்பது ஒரே தளமுள்ள இல்லம். கூப்பிட்ட குரலுக்குத் துணைக்கு ஆள் வரும். அங்கே லிஃப்ட் இல்லை என்பது மட்டும்தான் அவருக்குக் குறை. சாப்பாட்டு மேசையில் தினமும் இந்தக் கதைதான். சொல்லச் சொல்ல அந்தக் கட்டடம் வளர்ந்து இப்போது பதினேழு மாடி ஆகிவிட்டது. தன்னைக் கீழே இறக்கிவிட்ட லிஃப்ட் விம்மி விம்மி அழுததாம். மகள் பார்க்க வந்திருக்கும் நாட்களில், கேட்டவர்கள் சிரித்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள்.

அவள் கைப்பையிலிருந்து சுருண்டுபோன ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து மேசைமேல் வைப்பாள்.

"மாடி மூணுதான். ஆனா நடந்துச்சு," என்பாள். "ரெண்டு தடவை பாத்தேன்."