பெத்தவ இருக்கையில

சவப்பெட்டிக்குள் கிடந்த அக்காவின் முந்தானையைச் சுதர்ஷினி இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, பின்வாசலில் அழகன் வந்து நின்றான். அழகன் அக்காவின் கொழுந்தன் மகன். அக்கா பேச்சியம்மாவுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கிற முறை அவனுக்குத்தான் என்று முதல் நாளே பேசி முடித்திருந்தார்கள்.

"சின்னம்மா, கொஞ்சம் பீலிக்கரைக்கு வாங்க. விஜி அடம் புடிக்கிறான். வீரய்யா தாத்தா சத்தம் போட்டுக்கிட்டு இருக்காரு."

அவள் எழுந்தாள். விடிகாலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். குவைத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம், அங்கிருந்து ஒரு வேன், லிந்துலை தாண்டி அக்கரப்பத்தனை வரைக்கும் கண்ணை மூடவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் மார்வலி என்று உட்கார்ந்த பேச்சியம்மா அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தங்கச்சி முகம் பார்க்கட்டும் என்று பெட்டியை வைத்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் காத்திருந்தது. குவைத்திலிருந்து வருகிறவள் என்றால் ஒரு மரியாதைதான். பெட்டியின் தலைமாட்டில், அவள் விழுந்து அழுவதற்கென்றே பெண்கள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விமான நிலையத்துக் கடையில் கைப்பழக்கத்தில் சாக்லேட் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் வாங்குவதுதான். வேனில் ஏறிய பிறகே உறைத்தது. எழவு வீட்டுக்கு யாராவது சாக்லேட் வாங்கி வருவார்களா? அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டுத்தான் அக்காவின் மேல் விழுந்தாள்.

லயத்துக்குப் பின்னால், மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் பக்கத்தில், கல்லின் மேல் விஜிதரன் உட்கார்ந்திருந்தான். அவளுடைய மகன். சட்டையைக் கழற்றியிருந்தான், குளிரில் தோள் சிலிர்த்திருந்தது. முடி எடுக்க வந்தவர் கத்தியை விரித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஆண்கள் சுற்றி நின்றார்கள். நடுவில் வீரய்யா சித்தப்பா.

"சுதா, நீயே கேளு இவன. மொட்ட போட்டு கொள்ளிக்கொடம் தூக்குவேன்னு நிக்கிறான். பெத்தவ நீ குத்துக்கல்லாட்டம் இருக்க. பெத்தவ இருக்கையில இன்னொருத்திக்கு ஆத்தாவுக்குப் போடுற மாதிரி மொட்ட போடலாமா? ஒனக்குத்தான் ஆகாது. பாக்கிறவன் என்னா கேப்பான்? சுதா செத்துட்டாளான்னு கேப்பான்."

"எனக்கு ஒண்ணுமில்ல சின்னம்மா" என்றான் அழகன். "மொறைன்னு சொன்னாங்க, சரின்னேன்."

சுதர்ஷினி மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அவங்க வேணாம்னா வேணாம்" என்றான், ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "ஆனா எங்கம்மாவுக்கு அழகண்ணன் கொள்ளி வெச்சா, நான் எதுக்கு இருக்கேன்?"

எங்கம்மா. பெற்றவளை எதிரே நிற்க வைத்துக்கொண்டு சொல்கிறான்.

நடை பழகாத பிள்ளையாக அவனை அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போனவள் அவள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒரு குடித்தனம் வைத்துக்கொண்டான். இருந்தால் பட்டினி, போனால் பிள்ளையாவது படிக்கும் என்று போனாள். குவைத் நகரத்து மாடி வீடொன்றில், கண்ணாடி ஜன்னலுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். இங்கே அக்கா இவனை வளர்த்தாள். போனில் கேட்டால் அக்காவிடம் எப்போதும் ஒரே பதில்தான். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கான். நீ ஒன் ஒடம்பப் பாத்துக்க." லீவில் வந்தால் அவன் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். குவைத்தம்மா என்று கூப்பிடுவான். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. யாருக்காக அடுத்தவன் பிள்ளைக்குப் பீ அள்ளினேன்? யாருக்காக இந்தக் கூரைக்குப் புதுத் தகரம், யாருக்காக அந்த டியூசன்? மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அப்போது அவளுக்குக் குவைத் வீட்டு மேடத்தின் முகம் ஞாபகம் வந்தது. கடைக்குட்டி ஹெஸ்ஸாவுக்குக் காய்ச்சல். வெளியூர் போயிருந்த மேடம் பாதிப் பயணத்தில் திரும்பி ஓடிவந்து, வாசலிலேயே கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பி, சுதர்ஷினியின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. மேடம் நீட்டிய கையை இறக்கினாள். வளையலைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். "நீயே வெச்சிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சுதர்ஷினிக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதை அக்காவிடம் போனில் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"பாவம்டி" என்றாள்.

மேடத்தைச் சொல்கிறாள் என்றுதான் அப்போது சுதர்ஷினி நினைத்தாள்.

"என்னா சுதா, சொல்லு. பொழுது போவுது" என்றார் வீரய்யா.

"போடட்டும் சித்தப்பா."

"ரோசிச்சுத்தான் சொல்றியா? நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"ஆனா ஆவட்டும். அப்ப எனக்கும் அவனே போடட்டும். முடிதானே, மொளைக்கும்."

யாரோ ஒருத்தர் செருமினார். வீரய்யா பீலிக்கு அடியில் கிடந்த செம்பை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அப்ப ஒன் கையாலேயே அவன் தலையில தண்ணிய ஊத்து. பெத்தவளே ஊத்துனாத்தான் நாளைக்கு ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

பீலித் தண்ணீர் விரலைக் கடித்தது. செம்பை நிறைத்துக்கொண்டு அவள் கல்லுக்குப் பக்கத்தில் வந்தாள். விஜிதரன் தலையைக் குனிந்தான். கழுத்து அவ்வளவு மெலிந்திருந்தது. அடர்ந்த சுருட்டை முடி, அவளுடைய அப்பாவின் முடி. அவள் ஊற்றினாள். தண்ணீர் முடிக்குள் இறங்கி அவன் முதுகில் வழிந்தது. அவன் ஒருமுறை நடுங்கினான். முதல் கொத்து முடி விழுவதற்கு முன்பே அவள் திரும்பி நடந்துவிட்டாள். நின்று பார்க்கத் தைரியம் இல்லை.

தப்படிக்கிற சத்தம் லயத்தைக் கடந்து மேட்டு ரோட்டில் ஏறியது. பெட்டிக்கு முன்னால் விஜிதரன் போனான். வெள்ளை வேட்டி, தோளில் குடம், தலையில் ஈரத் துண்டு. பெண்கள் ரோடு திரும்புகிற கோவில் முடக்கு வரைக்கும்தான் போகலாம். அங்கே நின்று பார்த்தபோது பின்னால் ஒரு குரல், "பெத்தவ கண்ணு முன்னாடியே" என்று தொடங்கியது, இன்னொரு குரல் அதை அடக்கியது. பெட்டி தேயிலைக்குள் இறங்கி மறைந்தது. சுதர்ஷினி ரோட்டிலேயே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு கத்தி அழுதாள். அக்காவுக்காகத்தான் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அக்காவுக்காக மட்டும் அழவில்லை.

தோட்டத்து வழக்கப்படி குடம் உடைத்து, மண் போட்டுவிட்டு ஆண்கள் திரும்பியபோது மிஸ்ட் பனிமூட்டமாய் இறங்கியிருந்தது. ஒவ்வொருவராகப் பீலியில் தலை நனைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் விஜிதரன் மட்டும் அதே கல்லில் உட்கார்ந்திருந்தான். குளித்துவிட்டு, துடைத்துக்கொள்ளாமல், பல் கிட்டிப்போய்.

அவள் கொடியிலிருந்த துவாயை எடுத்துக்கொண்டு போனாள்.

"தலையத் தொடச்சுக்கப்பா. சளி புடிச்சுக்கும்."

அவன் கையை நீட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் குனிந்தான். அவள் துவாயை விரித்து அவன் தலையில் போட்டுத் துடைக்கத் தொடங்கினாள். உச்சி, நெற்றி, காதோரம். வலது காதுக்கு மேலே வந்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. துவாயை விலக்கிப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். வெளுத்துப்போன பழைய தழும்பு. முடிக்குள் ஒளிந்திருந்தது.

"இது என்னாப்பா? எப்ப ஆச்சு?"

"தெரியல. சின்னதுல விழுந்தேனாம்."

"எங்க விழுந்த?"

"அது அம்மாவுக்குத்தான்..."

பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே லயத்தில் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

காய்ந்து எத்தனையோ வருடமான தழும்புதான். ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் அவள் துவாயை அழுத்தவில்லை. வலிக்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.