ஒரு பிள்ளை குறைவு

ஆறுமுகநயினார் வீட்டுக் காபி நன்றாகத்தான் இருந்தது. சீதாலக்ஷ்மி டீச்சர் அதை மிச்சமில்லாமல் குடித்து முடித்த பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"தமிழுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க டீச்சர். புஸ்தகம், கரும்பலகை, பெஞ்சு, எதுன்னாலும் சரி. பேரப்பிள்ளைய மட்டும் கேக்காதீங்க. அவனைக் கான்வென்டுல சேத்தாச்சு."

மலையாள நாட்டுத் தலைநகரில், ஆரியசாலையில் மிளகு மொத்த வியாபாரம் செய்பவர் அவர். அந்த வட்டாரத் தமிழ் மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான். பொங்கல் விழாவில் தமிழைப் பற்றி அவர் பேசினால் கைதட்டல் ஓய நேரமாகும். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே ஜூன் மாத மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷத்திலும் பள்ளிக்கூடங்கள் திறந்தவுடன் வாத்தியார்களுக்கு முதல் வேலை பாடம் நடத்துவதல்ல, பிள்ளை பிடிப்பது. சில நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போய்விடும். டிவிஷன் போனால் அதை நம்பியிருக்கிற வாத்தியாரும் போகவேண்டியதுதான். ஒன்றாம் வகுப்பில் டீச்சரின் தமிழ் டிவிஷனுக்கு ஒரு பிள்ளை குறைவாக இருந்தது. தனியார் நடத்தும் பள்ளி அது; அனுப்பிவிட்டால் வேறு இடம் கிடைக்கும் என்ற உறுதியில்லை. கணவர் வெங்கடகிருஷ்ணன் வாதம் வந்து படுத்ததிலிருந்து டீச்சரின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

மலையாள டிவிஷனுக்கும் அதே நோய்தான். அங்கும் ஒரு பிள்ளை குறைவு. அதன் டீச்சர் தங்கபாய்க்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் சொல்லிக்கொடுப்பது மலையாளம். இருவரும் பல வருஷமாக ஒரே பெஞ்சில், மீன் குழம்புக்கும் தயிர் சாதத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். இந்த வாரம் அந்தப் பெஞ்சில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வீடு. கிள்ளியாற்றை ஒட்டிய குடிசை வரிசையில் பூமாரி வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புருஷன் இசக்கிப்பாண்டி சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறான். அவள் கட்டட வேலைக்குப் போகிறாள். மகள் ஆவுடைத்தாயை இன்னும் எங்கும் சேர்க்கவில்லை.

பூமாரி டீச்சரை உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்தாள். "இருங்க டீச்சரம்மா. சேலையெல்லாம் நனைஞ்சி போச்சே."

டீச்சர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்க கொழந்தையப் பத்திப் பேசத்தான் வந்தேன். தமிழ்க் கொழந்தை தமிழ்லதானே படிக்கணும்? நாமெல்லாம் ஒரே பாஷை பேசறவா இல்லையா?"

கூலி வேலைக்காரியை 'நீங்க' என்று அழைப்பது வாய்க்குப் புதிதாக இருந்தது. பூமாரி அதற்குள் ஒரு கண்ணாடி கிளாஸில் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம் வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றாள் டீச்சர்.

பூமாரி கிளாஸைத் திரும்ப எடுக்கவில்லை. நீட்டியபடியே ஒரு கணம் நின்றாள். பிறகு தானே உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"தங்கபாய் டீச்சரும் நேத்து வந்தாவ. ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடிச்சாவ. அவியளும் வீட்டுல தமிழுதானாம்."

"அவ மலையாளம்னா சொல்லிக்குடுக்கறா."

"ஆமா, அதத்தான் சொன்னாவ." கிளாஸைக் கீழே வைத்தாள். "யோசிச்சிச் சொல்லுதேன்."

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தாள். சொன்னது பொய்யில்லையே, நயினார் வீட்டில் குடித்த காபி இன்னும் வயிற்றில் இருக்கிறது. ஆனால் அந்தக் காபிக்கு முன்னால் வேறொரு வீட்டில் மோர் குடித்திருந்தாள். அது நயினார் வீட்டில் ஞாபகம் வரவில்லை. இங்கே மட்டும் கை நீள்வதற்கு முன்பே வாய் 'வேண்டாம்' என்றுவிட்டது. அது அலுப்பா, கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் நாலு தலைமுறையாக இருந்துவரும் வழக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தெம்பில்லை.

மறுநாள் சாயங்காலம் மறுபடி போனாள்.

"நேத்து குடிக்காம போயிட்டேன், பூமாரி. இன்னிக்கு சாயா உண்டா?"

பூமாரி சிரித்தாள். சாயா போட்டுக் கொடுத்தாள். டீச்சர் சூடு ஆறக்கூடக் காத்திராமல் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது.

"இப்பம் குடிச்சது எம்புள்ளைக்காவ. நேத்தே குடிச்சிருந்தா எனக்காவன்னு நெனச்சிருப்பேன்."

டீச்சர் காலிக் கிளாஸைக் கீழே வைத்தாள். பூமாரி அதைக் கோபமாகவாவது சொல்லியிருக்கலாம் என்று பட்டது. பூமாரி விறகை உள்ளே தள்ளிக்கொண்டே, விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"அதுக்காவ ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. சாயா குடிச்சாவ, குடிக்கலன்னு பாத்தா பிள்ளைய சேப்பாவ? வேற காரியம் இருக்கு. தெருவுல இவள எப்படிக் கூப்பிடுதாவ தெரியுமா? பாண்டி, பாண்டின்னு. தமிழாளுவளுக்கெல்லாம் அதான் பேராம். எங்க வீட்டுக்காரர் பேரு பாண்டி, அவரக் கூப்பிட்டாக் கணக்கு இருக்கு. எம்புள்ளைக்கு ஆவுடைத்தாய்னு பேரு இருக்குல்லா?"

"தமிழ் பிராமணா எங்களையும்தான் பட்டர்னு சொல்லுவா. நான் பள்ளிக்கூடத்துல படிக்கறச்சே எத்தனை கேலி! அதுக்கெல்லாம் வருத்தப்பட்டா முடியுமா?"

"அது வேற, இது வேற. பட்டர்னு கேலி பண்ணிட்டு உங்க வீட்டுக் கல்யாணத்துல பாயசம் குடிக்க வருவாவ. எங்களப் பாண்டின்னு சொல்லிட்டு, குழாயடியில குடத்தத் தூக்கி அந்தால வச்சிருவாவ."

"மலையாளத்துல படிச்சா மட்டும் கூப்பிட மாட்டாளா?"

"கூப்பிடத்தான் செய்வாவ." பூமாரி நிமிர்ந்து பார்த்தாள். "திருப்பிச் சொல்லணும்லா? அதுக்கு அவிய பாஷை வேணும். நான் வந்து ஏழெட்டு வருசம் ஆச்சு. எவனாவது ஏசினா, வீட்டுக்கு வந்து அடுப்புகிட்ட இருந்துல்லா பதில் சொல்லுதேன்."

ஆவுடைத்தாய் வாசலில் மழைத்தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தலையைத் தொட்டுவிட்டு நடந்தாள். சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. தாய்மொழியில் படித்தால் புத்தி நன்றாக விளங்கும் என்று பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்தது, பெரிய பெரிய மனிதர்கள் சொன்னது. ஆனால் டீச்சரின் மகன் படித்தது மலையாளத்தில். மலையாளம் இல்லாமல் கவர்ன்மெண்ட் உத்தியோகம் எப்படி என்று அன்று அவளே சொல்லியிருந்தாள். பூமாரி அதைக் கேட்கவில்லை என்பது ஒரு தயவு.

தலையெண்ணும் நாளில் அதிகாரி குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தார். ஆவுடைத்தாய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுடன் தங்கபாயின் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மலையாள டிவிஷன் நிறைந்துவிட்டது. தமிழ் வகுப்பில் அதிகாரி இரண்டு தடவை எண்ணினார். நல்ல மனிதர்தான். மூன்றாவது தடவையும் எண்ணினார்.

"டீச்சரே, ஒராள் கொறவாணல்லோ."

"அறியாம் சார்" என்று, தெரியும் என்பதை அவர் பாஷையிலேயே சொன்னாள் சீதாலக்ஷ்மி.

அவர் போன பிறகு ஹெட்மாஸ்டர் சத்தியதாஸ் வந்து, ஆர்டர் வருகிறவரை டீச்சர் வரலாம் என்றார். பிள்ளைகளை மட்டும் இன்றைக்கே மலையாள வகுப்புக்கு மாற்றிவிட வேண்டும். பெற்றோர்களிடம் அவர் பேசிக்கொள்வார். சொல்லிவிட்டு, மழை எப்போது நிற்குமோ என்று வானத்தைப் பார்த்தார்.

டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பையையும் சிலேட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, நனைந்த வராந்தா வழியாக நடத்திக்கொண்டு போனாள். தங்கபாய் வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ஜெயித்த களையில்லை. அவளும் ராத்திரி தூங்கியிருக்கமாட்டாள் போலிருந்தது.

"எனக்கும் வேற வழி இல்லாம போச்சு டீச்சரே. ஒண்ணும் நெனைக்கண்டாம்."

"நெனைக்க என்ன இருக்கு? இதுகளுக்கு மலையாளம் ஓரெழுத்து தெரியாது, பாய். மெதுவா."

"எனக்கும் இந்த வயசில தெரியாதாக்கும்." தங்கபாய் குனிந்து பிள்ளைகளைப் பார்த்தாள். "வாங்க மக்களே. ஒதுங்கி இருங்க, எல்லாருக்கும் எடம் உண்டு."

பிள்ளைகள் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்த சின்னவள் மட்டும் டீச்சரின் சேலையை விடவில்லை. டீச்சர் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், குழந்தை மறுபடி பிடித்துக்கொண்டது. டீச்சருக்குக் கால் கடுத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கபாய் பலகையில் முதல் எழுத்தை எழுதிக் கோலால் தட்டினாள். வகுப்பு உரக்கச் சொன்னது. மடியிலிருந்த பிள்ளை சொல்லவில்லை. என்ன செய்யவேண்டும் என்று டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கோல் மறுபடி தட்டியது. சீதாலக்ஷ்மி வகுப்போடு சேர்ந்து அந்த எழுத்தைச் சொன்னாள்.