பல்லுக்கொதிச் சிரிப்பு

கவிஷ்னா பள்ளிக்கூடப் பையைக் கதிரையில் எறிந்த விதத்திலேயே, மகளுக்கு இன்றைக்கும் சரிவரவில்லை என்று தயாபரனுக்கு விளங்கிவிட்டது.

“என்ன சொன்னவங்கள்?”

“பல்லுக்கொதி.”

“என்ன?”

“நீங்கள் சிரிக்கிறதைத்தான் எழுதினனான். அப்பா வாயை ஒரு பக்கம் இழுத்தார், கண்ணை மூடினார், ‘ம்’ எண்டார் எண்டு. வாசிச்சு முடிக்க முதலே பாஹிம் எழும்பி, ‘பல்லுக்கொதி ரீச்சர்’ எண்டான். எல்லாரும் ஓம், பல்லுக்கொதிதான் எண்டு கத்தினவங்கள்.”

தயாபரன் தாடையைத் தடவிப் பார்த்தான். பல்வலி ஒன்றும் இல்லை.

இதெல்லாம் பிரஷாந்தினி ரீச்சரின் வேலை. இந்த வருடம்தான் அவர் மல்லாவிக்கு மாற்றலாகி வந்து, நான்காம் வகுப்பை எடுத்திருந்தார். வந்ததும் பிள்ளைகளின் கட்டுரைகளை வாசித்திருக்கிறார். சுற்றுலா போனவன் ‘அளவில்லா மகிழ்ச்சி அடைந்தேன்’ என்று எழுதியிருந்தான். நாய் குட்டி போட்ட வீட்டுப் பிள்ளையும் அதையே எழுதியிருந்தது. மாமா மரத்தால் விழுந்து கால் முறித்த கதையை எழுதிய அனோஜனும், பாடமாக்கிய பழக்கத்தில், கடைசி வரியில் அளவில்லா மகிழ்ச்சி அடைந்திருந்தான்.

அடுத்த நாளே ரீச்சர் அந்தச் சொற்களுக்குத் தடை போட்டார். மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம் எதுவும் கதையில் வரக்கூடாது. ஜாம் போத்தலுக்குள் சீட்டுப் போட்டார். சீட்டில் வந்த உணர்வை வீட்டில் உள்ள ஒருவரிடம் பார்த்து எழுத வேண்டும். கை என்ன செய்தது, கால் எங்கே போனது, வாய் என்ன சொன்னது என்று மட்டும் எழுத வேண்டும். வகுப்பு அதைக் கேட்டு என்ன உணர்வென்று கண்டுபிடித்தால், கதை சுவரில் ஒட்டப்படும். கண்டுபிடிக்காவிட்டால் திருப்பி எழுத வேண்டும்.

பாஹிமுக்குச் சீட்டில் கோபம் வந்தது. அவனுடைய வாப்பா முன்ஸிர் சந்தையில் கடை வைத்திருப்பவர். சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்த அன்று, உம்மா ஜொஹறா குசினியில் சட்டி கழுவிய சத்தத்தை அவன் எழுதினான். மூன்றாவது வசனத்திலேயே வகுப்பு பிடித்துவிட்டது. லக்ஷனுக்குப் பயம். அவனுடைய அப்பா மட்டத்தேளுக்குப் பயந்து, குடையை விரித்துக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றதை எழுதினான். அவர் ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடப் பக்கம் வரவில்லை.

கவிஷ்னாவுக்கு விழுந்தது சந்தோசம். லேசான சீட்டு என்று எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். இப்போது சுவரில் எல்லோருடைய கதையும் இருந்தது. அவளுடையது மட்டும் இல்லை.

“வேறை ஆரையும் எழுதன் பிள்ளை.”

“வீட்டில உள்ள ஆளைத்தான் எழுதவேணும். வீட்டில நீங்கள் மட்டும்தானே இருக்கிறீங்கள்.”

அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினாள். கழுவின இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

“அனோஜன் ரீச்சரிட்டச் சொன்னவன், கவிஷ்னான்ர வீட்டில சந்தோசம் இல்லைப் போல, வேறை சீட்டுக் குடுங்கோ எண்டு. ரீச்சர் போத்தலை நீட்டினவா. நான் எடுக்கேல்லை.”

தயாபரனின் மனைவி சுகந்தினி காய்ச்சலில் போய் இரண்டு வருடமாகிவிட்டது. அவன் நல்லாச் சமாளிக்கிறான் என்று ஊரில் சொன்னார்கள். சமாளித்தான்தான். சமைத்தான், விதைத்தான், பிள்ளைக்குத் தலை பின்னினான். பாட்டுப் போட்டால் வெறும் சத்தம்தான் கேட்கும். அவ்வளவுதான். வாசற்படியில் அவனுடைய மண்ணிறச் செருப்புக்குப் பக்கத்தில் அவளுடைய நீலச் செருப்பு இன்னும் கிடந்தது. கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவான்.

“சரி, இப்ப சிரிக்கிறன். பாத்து எழுது.”

சிரித்தான். கவிஷ்னா பென்சிலைக் காதில் செருகியபடி, மாடு வாங்க வந்தவர் மாதிரி அவனைச் சுற்றிப் பார்த்தாள்.

“கண் சிரிக்கேல்லை.”

“கண் என்னண்டு சிரிக்கும்?”

“மற்ற ஆக்களுக்குச் சிரிக்குது.”

அவன் கையைத் தட்டிப் பார்த்தான். கொஞ்சம் துள்ளியும் பார்த்தான். படுத்திருந்த நாய் எழும்பி வெளியே போனது.

“கலியாண வீட்டில வீடியோக்காரன் சொல்லிச் சிரிக்கிற மாதிரிக் கிடக்கு. விடுங்கோ அப்பா, பிடிபட்டிடும்.”

அதற்குப் பிறகு அவன் போகுமிடமெல்லாம் அவள் வந்தாள். கிணற்றடிக்கு வந்தாள். குசினிக்கு வந்தாள். அவன் தும்மினால்கூட நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை பெற்றோர் எல்லாரும் சுவரைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஒரு சந்தோசம் வேண்டும். சந்தையில் தக்காளி மலிந்ததைச் சொல்லிப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அவனுடைய வயல் வாய்க்காலின் கடைசி வயல். குளத்தின் துருசு மதகைத் திறந்தால் எல்லா வயலும் குடித்த பிறகுதான் அதற்குத் தண்ணீர் வரும். போன சிறுபோகமும் அதற்கு முந்தியதும் தண்ணீர் மேல் வயலோடு நின்றுவிட்டது. இந்த முறையும் விதைத்திருந்தான். நாற்று நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

புதன்கிழமை பின்னேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். மேல் வயல்காரர் அப்புத்துரை அண்ணை வாய்க்கால் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய் தயாபரன்! வருதடா! என்ர வயலைத் தாண்டீட்டுது! ஓடியா!”

ஓடினான். பின்னால் பிள்ளை ஓடிவந்தது தெரியும். வாய்க்கால் வாயை வெட்டிவிட்டதும் தெரியும். மற்றதெல்லாம் பிறகு யோசித்தால் சரியாக நினைவுக்கு வரவில்லை. இருட்டுப்படும்போது வீட்டுப்படியில் குந்தியிருந்து காலைக் கழுவினான். காலில் கிடந்த செருப்பில் ஒன்று நீலம். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு சேற்றைத் தேய்த்துக் கழுவி, அதன் சோடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

அன்றிரவு தேங்காய் இல்லாத கறி. கவிஷ்னா எழுதிக்கொண்டே சாப்பிட்டாள்.

“காட்டன் பாப்பம்.”

“வெள்ளிக்கிழமை வந்து கேளுங்கோ.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனவன், தண்ணீரைப் பார்த்தபடி நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. ஓடிவந்து முகத்தைக் கழுவி, சேர்ட்டை மாட்டி, சைக்கிளில் ஏறி மிதித்தான். வகுப்பில் பெரிய கதிரை ஒன்றும் மிச்சமில்லை. பின்வரிசையில் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் முழங்கால் மார்பில் முட்ட இருந்தான். முன்னால் கவிஷ்னா தாளுடன் நின்றாள்.

“அப்பா தேங்காய் துருவினார்,” என்று தொடங்கினாள். “அப்புத்துரை மாமா கூப்பிட்டார். அப்பா ஓடினார். தேங்காயை நாய் தின்றது. அப்பா ஏசவில்லை.”

யாரோ கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள்.

“வயலுக்குள் தண்ணீர் வந்தது. முன்னால் நுரையும் சருகும் வந்தன. அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். தண்ணீரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். தண்ணீர் கொஞ்சம் வந்தது. அப்பா கொஞ்சம் பின்னால் போனார். சின்னப் பிள்ளைக்கு நடை பழக்குவது போல இரண்டு கையையும் நீட்டி, வா, வா என்று கூப்பிட்டார். வரம்பில் நின்ற கொக்குக்குத் தண்ணி வந்திட்டுது என்று சொன்னார். கொக்கு பறந்துவிட்டது. பிறகு சேற்றில் உட்கார்ந்தார். அப்பா செருப்போடு வயலில் இறங்க மாட்டார். அன்றைக்கு இறங்கினார். ஒரு செருப்பு மண்ணிறம். மற்றது நீலம். நீலம் அம்மாவுடையது. அப்பாவின் குதிக்கால் வெளியே நின்றது. நான் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிவிடுவார்.”

தாளை மடித்தாள்.

“சரி, என்ன உணர்வு?” என்று ரீச்சர் கேட்டார்.

பல்லுக்கொதி என்று மட்டும் சொல்லிவிடாதேயுங்கோடா என்று தயாபரன் மனதுக்குள் கெஞ்சினான். அனோஜன் காதைச் சொறிந்தான். பாஹிம் எழும்பித் திரும்பி, பின்வரிசையில் இருந்த தயாபரனை நிதானமாகப் பார்த்தான்.

“ரீச்சர், இவருக்குப் பல்லுக்கொதி மாறீட்டுது.”

“சந்தோசம்!” என்று வகுப்பு கூரை அதிரக் கத்தியது. அனோஜனின் சத்தம்தான் பெரிது. முன்ஸிர் முழங்காலில் அடித்துச் சிரித்தார். ஜொஹறா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றினாள். ஒற்றிக்கொண்டே சிரித்தாள்.

பாஹிம் இன்னும் உட்காரவில்லை. அவன் பார்வை கீழே போனது.

“ரீச்சர்! ரீச்சர்! இண்டைக்கும் அப்பிடியே வந்திருக்கிறார்!”

எல்லாத் தலையும் திரும்பின. தயாபரன் குனிந்து பார்த்தான். வலது கால் மண்ணிறம். இடது கால் நீலம், குதிக்கால் வெளியே. காலைக் கதிரைக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தான். சின்னக் கதிரைக்கு அடியில் இடமிருக்கவில்லை. காலை வெளியே நீட்டிவிட்டான். அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது. அது சிரிப்பு. நிறுத்த முயன்றான், முடியவில்லை. மூக்காலும் வந்தது.

பிரஷாந்தினி ரீச்சர் பசைப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

“வாங்கோ கவிஷ்னா, சுவரில ஒட்டுவம்.”

கவிஷ்னா வரவில்லை. தாளை மேசையில் விரித்து, காதில் இருந்த பென்சிலை எடுத்தாள்.

“கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர், இன்னும் கிடக்கு,” என்றாள். பிறகு பின்வரிசையைப் பார்த்துக் கத்தினாள். “அப்பா, நிப்பாட்டாதேங்கோ!”